விமான நிலையத்தில் தொடங்கும் கணக்கு

தாய் தகப்பனைக் கனடாவுக்குக் கூப்பிடுவது நாட்டுக்கு நட்டம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. ஒட்டாவாவில் அமைச்சர்கள் அதைப் பக்குவமாகச் சொல்கிறார்கள். பத்திரிகைகளின் கருத்துப் பக்கங்களில் கொஞ்சம் காரமாக எழுதுகிறார்கள். எனக்கு நோவது, ஸ்காபறோவிலும் மிசிசாகாவிலும் எங்கள் கலியாண மண்டபங்களில் இதே கதையை எங்கள் ஆட்களே சொல்லக் கேட்கும்போதுதான். "வயசு போன சனத்தைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியை நிரப்பிப்போட்டு, பிறகு எமேர்ஜென்சியில பத்து மணித்தியாலம் இருக்கவேண்டிக் கிடக்கெண்டு புலம்புறது ஆர்?" என்று கேட்பவர், தொண்ணூறுகளில் தன் தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் கடைசிவரை வைத்துப் பார்த்தவராக இருப்பார். அவர் நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டில் உலவும் ஒரு கணக்கை நம்பிவிட்டார். அந்தக் கணக்கு அடியிலிருந்தே பிழை.

பிழையான கணக்கு பேச்சோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். அது கதவையே சாத்தியிருக்கிறது. 2011 நவம்பரில் அன்றைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கெனி, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்குமான ஸ்பொன்சர் விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தினார். அப்போது 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். 2014 ஜனவரியில் திரும்பத் திறந்தபோது வருடத்துக்கு 5,000 விண்ணப்பங்கள் மட்டும் என்றார்கள். ஸ்பொன்சர் செய்பவர், குறைந்த வருமானக்காரர் என்று அரசு வகுத்திருக்கும் எல்லையை விட 30 விழுக்காடு கூடுதலாக, தொடர்ந்து மூன்று வருடம் வருமானம் காட்ட வேண்டும். வரப்போகும் தாயையும் தகப்பனையும் வீட்டு ஆட்களாகச் சேர்த்தே அந்த எல்லையைக் கணிப்பார்கள். பெற்றோரின் செலவுக்கு ஸ்பொன்சர் பொறுப்பு நிற்கும் காலம் அதுவரை 10 வருடமாக இருந்தது, 20 வருடமானது.

யாரை விண்ணப்பிக்க விடுவது என்று தெரிவதற்கு 2017இல் குலுக்கல் வந்தது. 2019 ஜனவரி 28இல் குலுக்கலை விட்டு, முந்துபவருக்கே இடம் என்று ஓர் இணையப் படிவத்தை நண்பகலில் திறந்தார்கள். சில நிமிடங்களிலேயே அது மூடப்பட்டது. தட்டச்சு ஓடாதவர், அந்த நேரத்தில் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்றவர், விரல்கள் சரியாக இயங்காதவர் எல்லோரும் வெளியே நின்றார்கள். 2020 இலையுதிர் காலத்தில் மூன்று வாரம் பெயர் பதிய விட்டபோது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். அதன்பின் 2025 வரை அழைப்புகள் போனது அந்தப் பழைய பட்டியலுக்குத்தான். 2021இல் நிரந்தர வதிவிடம் கிடைத்த ஒரு தாதிக்கு, 2025 வரை தன் பெயரைக் குலுக்கலில் போடுவதற்கே வழி இருக்கவில்லை. இத்தனைக்கும் 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் தன் நோக்கங்களைச் சொல்லும் பிரிவிலேயே, குடும்பங்கள் கனடாவில் ஒன்றுசேர்வதையும் ஒரு நோக்கமாக எழுதி வைத்திருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். சுமை என்று சொல்பவர்கள் தாயின் வரவு செலவை அவர் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும் நிமிடத்திலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். அறுபத்தைந்து வயது, வேலை செய்யமாட்டார், வரி கட்டமாட்டார், மருந்து வேண்டும். ஆகவே நட்டம். அவருடைய மகள் இறங்கியபோது இந்த நாடு எப்படிக் கணக்குப் பார்த்தது? இருபத்தெட்டு வயது, பட்டம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, அடுத்த முப்பத்தைந்து வருடம் வரி கட்டுவாள். ஆகவே இலாபம். தொழில்திறன் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிமுறையில் வயதுக்கான முழுப்புள்ளியும் 20 முதல் 29 வயது வரைதான்; 45இல் அது பூச்சியமாகிவிடும். வளர்த்து முடித்த, படிப்பித்து முடித்த, உழைக்கத் தயாரான மனிதரைத்தான் கனடா கேட்டு வாங்குகிறது. அந்த இருபத்தெட்டு வருடச் செலவை யார் கட்டியது?

இலங்கையில் 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி கட்டியது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் கிண்டியிலும் ஏழை நாடுகளின் பொதுப்பணம் கட்டியது. அதற்கு மேல், ரியூஷனுக்குக் காப்பை அடகு வைத்த தாய் கட்டினார். ஏஜென்சிக்குக் காணியை விற்ற தகப்பன் கட்டினார். கனடாவில் பிறந்த ஒரு பிள்ளைக்கு மகப்பேற்று விடுதியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இந்த அரசு செலவழிக்கும் பணத்தில் ஒரு சதமும் அந்த மகளுக்குச் செலவாகவில்லை. விளைந்த நெல்லைக் காசு கொடாமல் அள்ளிக்கொண்டு போனவர், நாற்று நட்டவள் பிறகு வாசலுக்கு வந்தால் அவளுக்கு ஊற்றும் கஞ்சியை மட்டும் ஏட்டில் பதிகிறார். ஒரு குடும்பத்தின் வரவை ஒரு தலைமுறையிலும் செலவை இன்னொரு தலைமுறையிலும் எழுதிவிட்டு, செலவுப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக் காட்டுவது கணக்காகாது.

உறவின் மதிப்பு அரசுக்குத் தெரியாததும் அல்ல. விண்ணப்பதாரியின் சகோதரரோ சகோதரியோ ஏற்கெனவே இங்கே குடியுரிமையோடு அல்லது நிரந்தர வதிவிடத்தோடு வாழ்ந்தால், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 15 புள்ளி கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உறவுள்ளவர் இந்த மண்ணில் சீக்கிரம் காலூன்றுவார் என்று தெரிந்துதான் கொடுக்கிறார்கள். உழைக்கும் வயதில் மூலதனமாகத் தெரிகிற உறவு, வயது முதிர்ந்தவுடன் சுமையாகிவிடுமா?

சரி, விமான நிலையத்திலிருந்தே எண்ணுவோம் என்றாலும் அவர்கள் சொல்வது நிற்காது. வந்தவர் நேரே சமூக உதவிப் பணத்தில் போய் விழுவார் என்கிறார்கள். பெற்றோர் உதவிப் பணம் எடுக்க நேரும் என்று நினைத்தால் ஸ்பொன்சரே செய்யாதீர்கள் என்று கெனியும் 2013இல் பகிரங்கமாகவே சொன்னார். சட்டம் வேறு விதமாக இருக்கிறது. ஒன்ராறியோவில் ஸ்பொன்சர் செய்த பிள்ளை 20 வருடத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெற்றோர் உதவிப் பணம் எடுத்தால் அது பிள்ளையின் கடன். வேலை போனாலும், மணமுறிவு நடந்தாலும், குடியுரிமை எடுத்தாலும் கையெழுத்து மாறாது. எட்டு ஸ்பொன்சர்கள் இதை எதிர்த்துப் போன மாவி வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நிலைமையைப் பார்த்து வசூலைத் தள்ளிப்போடலாம், கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது என்றது. முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொது விதிப்படி 10 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 10 வருடத்தில் கிடைப்பதும் காற்பங்கு. முழுத்தொகைக்கு 40 வருடம் வேண்டும். வருமானம் குறைந்த முதியோருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஸ்பொன்சர் காலம் முடியும்வரை பொதுவாகக் கிடைக்காது. வரும் முன்னரே மருத்துவப் பரிசோதனை உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு விலக்களிக்கப்பட்ட 'மிகையான மருத்துவச் செலவு' என்ற தடை, பெற்றோர் மீது அப்படியே இருக்கிறது. இத்தனை வேலியையும் தாண்டி வருபவரைப் பார்த்து, பொதுப்பணத்தில் கை வைக்க வந்தவர் என்பது அநியாயம்.

மிஞ்சுவது ஆஸ்பத்திரி. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. வயதானவர்களுக்கு மருத்துவச் செலவு கூட. எமேர்ஜென்சியில் காத்திருப்பது நிசம். குடும்ப வைத்தியர் இல்லாமல் இலட்சக்கணக்கானோர் அலைவதும் நிசம். ஆனால் அந்த வரிசையை நீளச் செய்தவர்கள் ஸ்பொன்சரில் வந்த பெற்றோரா என்பதே கேள்வி. 2021 குடிசன மதிப்பீட்டில் கனடாவில் 65 வயதைத் தாண்டியவர்கள் 70 இலட்சம் பேர். 2025க்கு அரசு திட்டமிட்ட பெற்றோர், தாத்தா பாட்டி எண்ணிக்கை 24,500. அதில் ஐம்பதுகளில் இருப்பவர்களையும் கூட வருபவர்களையும் முதியோராகவே எண்ணினாலும், ஏற்கெனவே இருக்கும் ஆயிரம் முதியோருக்கு நான்கு பேர்கூடச் சேரவில்லை. வரிசைக்குக் காரணம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பேபி பூமர் தலைமுறை முழுவதும் ஒரே நேரத்தில் முதுமைக்குள் நுழைவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தும் அதற்கேற்ற கட்டில்களையும் வைத்தியர்களையும் ஆயத்தம் செய்யாத மாகாண அரசுகள். ஊரில் வைத்தியம் படித்து வந்தவர்கள் உரிமம் கிடைக்காமல் கிடங்குகளில் பெட்டி அடுக்குவதை இந்த நகரத்தில் வாழும் எந்தத் தமிழரும் புதிதாகக் கேள்விப்படப் போவதில்லை.

கனடாவின் முதியோரைத் தூக்கி நிறுத்தி, குளிப்பாட்டி, உணவூட்டுகிறவர்களையும் பாருங்கள். 2020இல் கோவிட் முதல் அலையில் இறந்த கனடியர்களில் ஐந்தில் நான்கு பேர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். எல்லோரும் வீட்டுக்குள் இருந்த அந்த மாதங்களில் பஸ் ஏறி அந்த இல்லங்களுக்கு வேலைக்குப் போனவர்களில் பிலிப்பைன்ஸ், கரீபியன், ஆபிரிக்க, தெற்காசியப் பெண்கள் எத்தனை பேர்! எங்கள் தெருக்களிலும் இருக்கிறார்கள். அடுத்தவரின் தாயைப் பதினாறு மணித்தியால இரட்டை ஷிப்டில் பார்க்க அவர்களை அழைத்த நாடு, சொந்தத் தாயை அவர்கள் பார்ப்பதை ஆடம்பரம் என்கிறது.

இந்த இடத்தில் பெற்றோர் தரப்புக்காகப் பேசுகிற நண்பர்களோடும் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. அம்மம்மா வந்தால் பேரப்பிள்ளையைப் பார்ப்பார், டேகெயர் காசு மிச்சம், மகள் வேலைக்குப் போகலாம், அரசுக்கு வரி வரும் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். அது உண்மைதான். ரொறன்ரோவில் கைக்குழந்தைக்கு டேகெயர் மாதம் 1,600 டொலரைத் தாண்டியிருந்த காலத்தில், கூலி வாங்காத அம்மம்மாக்கள்தான் பல வீடுகளைத் தாங்கினார்கள். ஆனாலும் அந்த வாதத்தில் காலூன்றி நிற்கக்கூடாது. முழங்கால் தேய்ந்து பேரனைத் தூக்க முடியாத நாளில் அந்த அம்மம்மாவின் உரிமை முடிந்துவிடும் என்று நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும். தன் பங்கை அவர் முப்பது வருடம் முந்தியே கட்டிவிட்டார். இங்கே வந்து சும்மா வெயிலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு இடம் உண்டு.

அடுத்து, எல்லாக் கேள்விக்கும் விடையாக நீட்டப்படும் சூப்பர் விசா. பெற்றோரும் தாத்தா பாட்டியும் விருந்தாளிகளாக வந்து நீண்டகாலம் தங்குவதற்கான இந்த விசா 2011 டிசம்பரில் வந்தது. 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் தங்கலாம். பத்து வருடம் வரை வந்து போகலாம். "ஐந்து வருசம் போதாதே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். இதை நியாயமான நடுவழி என்று நம்பும் நல்லவர்கள் ஏராளம். ஆகவே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

சூப்பர் விசாவில் வரும் தாய் சட்டத்தின் பார்வையில் ஒரு விருந்தாளி. அவருக்கு ஹெல்த் கார்ட் இல்லை. குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி வாங்க வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணம் ஏறும். சீனி வருத்தமும் பிறஷரும் உள்ளவருக்கு, முன்பே இருந்த வருத்தம் என்று நட்ட ஈட்டை மறுக்கும் விதிகள் அந்தப் பத்திரத்தில் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். நெஞ்சு நோகிறது என்று சொல்லப் பயந்து, பிள்ளைக்குச் செலவு வைத்துவிடுவோமோ என்று விக்ஸ் பூசிக்கொண்டு படுத்த தாய்மார் எங்கள் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர் வேலைக்குப் போக முடியாது. அரசு நடத்தும் புதிய குடிவரவாளர்களுக்கான இலவச ஆங்கில வகுப்பில் சேர முடியாது. அது நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் ஏற்கப்பட்ட அகதிகளுக்கும் உரியது. விசா முடியும் நாளில் அவர் எழுபத்தெட்டு வயதில் படுக்கையில் இருந்தாலும் நீட்டிப்புக்கு ஓர் அதிகாரியின் மனம் இரங்க வேண்டும். முதுமை நாளுக்கு நாள் ஒருவரைப் பிறரில் தங்கியிருக்கச் செய்கிறது. அந்த வேளையில் அவருடைய நிலையைத் தற்காலிகமாக்குவது எப்படி நடுவழியாகும்?

இதோடு ஒட்டிய இன்னொரு வாதம் எங்கள் ஆட்களுக்கே உரியது. "அதுகள் ஊரில ராசா மாதிரி இருக்குங்கள். இங்க கொண்டுவந்து நாலு சுவருக்குள்ள பூட்டி வைக்கிறதே?" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்க வரவில்லை. பேஸ்மென்ட் அறையில் பனிக்காலம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் தகப்பன்மாரை எல்லோருக்கும் தெரியும். மருமகளின் ஷிப்டுக்கு ஏற்றபடி எழும்பிச் சமைத்து, பிள்ளை பார்த்து, கையில் ஐந்து டொலர் இல்லாமல் இருக்கும் தாய்மாரையும் தெரியும். இந்தக் கொடுமைக்கு முடிவு கட்ட வேண்டும். எப்படிக் கட்டுவது? தன் பெயரில் ஹெல்த் கார்ட் வைத்திருக்கும் தாய், தனியாக வைத்தியரிடம் போய் வீட்டில் நடப்பதைச் சொல்லலாம். வகுப்புக்குப் போய் பஸ்ஸில் ஏறப் பழகிய தாய் கோயிலுக்கும் நூலகத்துக்கும் தானே போவார். நிரந்தர வதிவிடம் உள்ளவரை, கோபத்தில் மகன் "ரிக்கற் போட்டு அனுப்பிவிடுவன்" என்று வெருட்ட முடியாது. விருந்தாளி விசாவில் இருப்பவரை வெருட்டலாம். தனிமைக்கும் சுரண்டலுக்கும் இரங்குகிறவர்கள் முதலில் எதிர்க்க வேண்டியது சூப்பர் விசாவைத்தான்.

ஊர்தான் அவர்களுக்கு நல்லது என்று முடிவெடுக்க நாம் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. நிரந்தர வதிவிடம் பெற்ற பிறகு ஒரு பனிக்காலம் பார்த்துவிட்டு, எனக்கு வடமராட்சிதான் சரி என்று திரும்பிப் போன பெற்றோரும் உண்டு. போகட்டும், அது அவர்கள் தெரிவு. வாசல் திறந்திருந்தால்தான் தெரிவு என்று ஒன்று இருக்கும்.

"விரும்பித்தானே வந்தாய், பாசமிருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வா" என்பவர்களுக்குக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை. இலங்கையில் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் வந்தவர்களும், 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரும் ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் அல்ல. அகதியாக ஏற்கப்பட்டு இன்னும் குடியுரிமை எடுக்காதவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால், 2012 டிசம்பரில் வந்த சட்ட மாற்றத்தின்படி அகதிப் பாதுகாப்போடு நிரந்தர வதிவிடத்தையும் இழக்க நேரலாம். தாயின் கொள்ளிக்குப் போவதற்குக் கனடாவையே பணயம் வைக்கவேண்டிய மனிதரிடம் "போய்ப் பார்த்துவிட்டு வா" என்பது விடையாகாது.

உழைப்பாளி வரட்டும், அவன் வீட்டார் வேண்டாம் என்பதை இந்த நாடு முன்பும் செய்து பார்த்திருக்கிறது. கனடியப் பசிபிக் ரயில் பாதை முடிந்தது 1885இல். அந்தப் பாதைக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பாறை உடைத்த சீனர்கள் மேல் தலைவரி விதித்ததும் அதே வருடம். 50 டொலரில் தொடங்கிய வரி 1903இல் 500 டொலராகி, தனி ஆள் கட்டவே வருடக்கணக்கில் சேமிக்க வேண்டிய தொகையானது. மனைவியையும் பிள்ளைகளையும் அழைப்பது கனவாயிற்று. 1923இல் வந்த சட்டம் அந்தக் கனவையும் அடைத்தது. 1947இல் அது நீக்கப்படும்வரை 24 வருடத்தில் உள்ளே விடப்பட்ட சீனர்கள் ஐம்பதுக்கும் குறைவு. வான்கூவர் சீனத்தெருவின் ஒண்டிக்குடித்தன அறைகளில் மணமான ஆண்கள் தனியாட்களாகவே மூப்படைந்தார்கள். கடிதத்திலேயே வளர்ந்த பிள்ளைகளைக் காணாமலே சிலர் செத்தார்கள். இந்தியப் பயணிகளோடு வந்த கொமகாட்டாமாரு கப்பலைத் திருப்பி அனுப்பிய நாட்டில், சீக்கியத் தொழிலாளர்கள் மனைவியரைக் கூப்பிடும் உரிமைக்கு 1919 வரை காத்திருந்தார்கள். அன்றும் செலவு, இடமில்லை, ஒத்துவராத சனம் என்ற காரணங்கள்தான் சொல்லப்பட்டன. 2006 ஜூனில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து தலைவரிக்காக மன்னிப்புக் கேட்டார். ஐந்து வருடம் கழித்து, அதே ஹார்ப்பரின் அரசுதான் பெற்றோர் வாசலைச் சாத்தியது. அதன்பின் வந்த லிபரல் அரசு முதலில் இடத்தைக் கூட்டினாலும் குலுக்கலைத் தன் கொள்கையாக்கிக்கொண்டது. இதில் எந்தக் கட்சியையும் நான் நல்ல கட்சி என்று காட்டப் போவதில்லை.

குலுக்கலை ஒழித்து, வந்த ஒழுங்கில் பார்க்கும் வரிசையை மீட்க வேண்டும். வரிசை நீளமென்றால் நீளமாகவே இருக்கட்டும். பத்தாவது வருடத்தில் உன் முறை வரும் என்று தெரிந்தால் ஒரு குடும்பம் அதற்கேற்ப வாழ்ந்துகொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் வரும் என்ற நிலையில் எதையும் திட்டமிட முடியாது. 2020 பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பதிவைத் திறக்க வேண்டும். சூப்பர் விசாவில் இருப்பவர்களை ஆங்கில வகுப்புகளில் சேர்ப்பதற்கு ஒட்டாவாவுக்குப் பெரிய செலவும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டியது அகதிப் பிள்ளைகளின் நிலை. கனடாவில் அகதியாக ஏற்கப்படும் வளர்ந்த ஒருவர், தன் நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலேயே கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ சேர்க்கலாம். தனியே வந்து அகதியாக ஏற்கப்பட்ட 14 வயதுப் பிள்ளை, தன் தாயைச் சேர்க்க முடியாது. விதிகளில் உள்ள 'குடும்ப உறுப்பினர்' வரையறைக்குள் அவளுடைய தாய் வரமாட்டார். மனிதாபிமான அடிப்படையில் தனியே மன்றாடலாம். இல்லையென்றால் பதினெட்டாகி, படித்து, மூன்று வருடம் வருமானம் காட்டி, வாசல் திறந்திருந்தால், குலுக்கலில் பெயர் விழுந்தால் கூப்பிடலாம். யாருக்குத் தாய் மிகவும் தேவையோ அவருக்கே இங்கே தாய் குடும்பம் இல்லை. இதை மாற்ற நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேற்ற வேண்டியதில்லை. வரையறை ஒழுங்குவிதியில் இருக்கிறது, அமைச்சரவை திருத்தினால் போதும். அடுத்த தேர்தலில் எங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், எங்கள் மொழி பேசுபவராகவே இருந்தாலும், தேத்தண்ணி கொடுத்துவிட்டு இந்தத் திருத்தத்துக்கு அவர் கை தூக்குவாரா என்று கேட்போம். தூக்கமாட்டேன் என்றால் ஏன் என்று அவரே சொல்லட்டும்.